மூணாவது கைப்பிடி

நம்ம வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஜெனரேட்டரைப் பாக்கப் போயிட்டாங்க. இப்போதைக்கு வரமாட்டாங்க அம்மிணி. எங்கூட்டுக்காரர் அந்த மெஷினைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் ஆகும். நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. மோர் குடிங்க, உப்புப் போட்டுத்தான் கலக்கியிருக்கேன். தாராபுரத்துல இருந்து இந்த வெயில்ல வண்டியிலயா வந்தீங்க? மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது.

கோழி ஷெட் போடலாமான்னு கேட்டு மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க. எல்லாரும் ஆம்பளைங்கதான் வருவாங்க. பொம்பளையைக் கூட்டிட்டு வந்தது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். நல்லதுங்க. ஏன்னா ஷெட்டைக் கட்டறது அவிங்க, அதுக்குள்ள கெடக்கறது நாம. பேங்க் சமாச்சாரம், கம்பெனி சமாச்சாரமெல்லாம் அவர் சொல்லிருவாருங்க. நான் வேற ஒண்ணு சொல்றேன். சொல்லலாமா வேண்டாமான்னு நீங்க கேட்டைத் தாண்டி உள்ள வரும்போதே நெனைச்சேன்.

எம் பேரு துளசிமணிங்க. கல்யாணமாகி இங்க வந்து இருபத்தாறு வருசம். அப்பெல்லாம் தக்காளியும் வெங்காயமும்தான். அப்பறம் தக்காளி பூவிட்டாலும் நிக்கலீங்க, வெயிலுக்குப் பூவெல்லாம் கொட்டிப் போச்சு. சுத்துப்பட்டுல எல்லாரும் என்னென்னமோ பண்ணுனாங்க. ஒருத்தர் பச்சை வலை கட்டுனாரு. இந்தப் பக்கத்து மில்லுல வேலை நேரத்தையே மாத்தி, வெடியறதுக்கு முந்தி ஆளுங்களை உள்ள விடறாங்க. நாங்க கோழிக்கு வந்தோம். கோழின்னா நெழல்லதானே இருக்குது, வெயில் என்ன பண்ணும்னு நெனைச்சோம். நெனைச்சோமுங்க.

மொதல்ல சாதா ஷெட்டுதான். ரெண்டு பக்கமும் கம்பி வலை, அஞ்சாயிரம் கோழி. முந்தியெல்லாம் சித்திரையில ஒரு பத்துப் பதினஞ்சு நாள் பாத்துக்கிட்டாப் போதும். கூரை மேல தென்னங்கீத்துப் போடுவோம், சாக்கை நனைச்சுக் கட்டுவோம். இப்ப மாசிக் கடைசியிலயே ஆரம்பிச்சிருதுங்க. நாலு வருசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம், ஒரே மத்தியானத்துல, எண்ணூறு கோழி. வாயைப் பொளந்துக்கிட்டு, ரெக்கையை விரிச்சுக்கிட்டு, மொகத்தைத் தரையில வெச்சுப் படுத்துக்கும். நான் அதையெல்லாம் எடுத்துக் குழியில போட்டேன். பொழுது சாஞ்சதுக்கப்பறமும் அதுங்க ஒடம்பு கையில சுட்டுச்சுங்க.

அதுக்கப்பறந்தான் நமக்குக் குஞ்சும் தீவனமும் குடுக்கற கம்பெனிக்காரங்க சொன்னாங்க. இனிமே கோடையில மூடுன ஷெட்டுக்காரங்களுக்குத்தான் குஞ்சு எறக்குவோம், சாதா ஷெட்டுக்கு எறக்கறதில்லைன்னு. அவிங்களும் பாவம், சாகற கோழியை எத்தனை நாளைக்கு எறக்குவாங்க? அவிங்களும் மாறோணும், நாமளும் மாறோணும். மாறுனோம்.

இதா, உங்களுக்கு முன்னால நிக்குதே, இதுதான். நானூறு அடி. அந்தக் கடைசியில தேன்கூடு மாதிரி அட்டை தெரியுது பாருங்க, அதுல தண்ணி எறங்கிட்டே இருக்கும். இந்தக் கடைசியில பத்து ஃபேன். வெளிக்காத்தை அந்த ஈர அட்டை வழியா இழுத்து இப்படித் தள்ளிவிடும். ரெண்டு பக்கமும் வலைக்கு மேல படுதா போட்டு மூடியிருக்குது, கைப்பிடியைச் சுத்திக் கீழ எறக்குனாத்தான் தொறக்கும். உள்ள பதினெட்டாயிரம் கோழி. வெளிய வெயில் நாப்பத்தியொண்ணுன்னா, உள்ள இருபத்தேழு. இந்த ஊர்லயே குளுகுளுன்னு இருக்கற எடம் இதுதானுங்க. நானே எத்தனையோ நாள் உள்ள போயிச் சும்மா நின்னிருக்கேன்.

ஆனா ஒண்ணு. சாதா ஷெட்டுல கரண்ட் போனா விசிறி நிக்கும், அவ்வளவுதான். இதுல கரண்ட் போனா மூச்சு நிக்கும். பதினெட்டாயிரம் ஒடம்பு விடற சூடு வெளிய போறதுக்கு வழியில்லை. பதினஞ்சு நிமிசம். பெரிய கோழியா இருந்தா பத்து நிமிசம். அதை யாரும் நோட்டீஸ்ல போடறதில்லீங்க. ஷெட் கட்டி முடிச்சு மொதல் பேட்ச் எறங்குன அன்னைக்கு கம்பெனி சூப்பர்வைசர் தம்பி டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு. அன்னைல இருந்து நான் எங்கேயும் போறதில்லீங்க. கல்யாணம் காட்சிக்குப் போறதில்லை. எங்க அண்ணன் பேத்திக்குக் காது குத்துனாங்க, போகலை. குளிக்கும்போது கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டுத்தான் குளிக்கறேன். சிரிக்காதீங்க. நீங்களும் அப்படித்தான் ஆவீங்க.

வேலைக்கு ஜார்க்கண்டுல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி இருந்தாங்க. அவன் பேரு சோம்ரா. அவ பேரு ஃபூல்மணி. எம் பேர்லயும் மணி இருக்குது, அவ பேர்லயும் மணி இருக்குது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இருபத்திரண்டு வயசு இருக்கும். நல்ல பொண்ணுங்க. தமிழ்ல மூணு வார்த்தை தெரியும். தண்ணி, தீவனம், செத்துப்போச்சு. காலையில ஷெட்டைச் சுத்தி வந்து விரலைக் காட்டுவா, நாலு செத்துப்போச்சு, ஆறு செத்துப்போச்சுன்னு. என்னை தீதின்னு கூப்புடுவா. அக்கான்னு அர்த்தமாம்.

அவிங்களுக்கு ரூம் குடுத்திருந்தோமுங்க. அதா, ஜெனரேட்டர் ரூமை ஒட்டி, தகரம் போட்டது. ஒரு ஃபேன் இருக்குது, டிவிகூட வாங்கி வெச்சோம். பகல்ல அதுக்குள்ள இருக்க மாட்டாங்க, இந்த வேப்ப மரத்தடிக்கு வந்துருவாங்க. ராத்திரி வாசல்ல படுத்துக்குவாங்க. ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவிங்க ஊர்லயும் வெயில்தானுங்களே, பழக்கம்.

போன சித்திரை. குஞ்சு எறங்கி முப்பத்தி மூணு நாள். கோழி ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. இன்னும் மூணு நாள்ல லாரி வந்து ஏத்திட்டுப் போகப்போறாங்க. எங்கூட்டுக்காரர் மருந்து வாங்கப் பல்லடம் போயிருந்தாரு. காலையில ஃபூல்மணி வந்து தலையைத் தொட்டுக் காட்டுனா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. மூணு நாளாவே யாருக்கும் சரியாத் தூக்கமில்லை, அப்படி ஒரு புழுக்கம். நான் ஒரு டீ போட்டுக் குடுத்து, குடிச்சாச் சரியாப் போகும்னேன். குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. முடியலைன்னு படுத்திருந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்? படுக்கலை அவ.

மத்தியானம் ஒண்ணே முக்கால் இருக்கும். கரண்ட் போச்சு. அப்பறம் சொன்னாங்க, சுத்துப்பட்டுல அத்தனை மோட்டாரும் அத்தனை ஏசியும் ஓடி, டிரான்ஸ்பார்மர் சூடு தாங்காமப் போயிருச்சுன்னு. கரண்ட் போனா எனக்குப் பயமில்லீங்க, பத்து எண்ணறதுக்குள்ள ஜெனரேட்டர் எடுத்துக்கும். எடுத்துச்சு. நான் சாமியைக் கும்புட்டுட்டு இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன். அஞ்சு நிமிசம் ஓடுச்சு. நின்னுபோச்சு.

அது சூடேறி நின்னுபோச்சுங்க. அதுக்கும் சூடு. கோழிக்குச் சூடு ஆகாதுன்னு வாங்கி வெச்சது, அதுவே சூடு தாங்காம நின்னுபோச்சு.

உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. பத்து ஃபேனும் ஒண்ணொண்ணா வேகங் கொறஞ்சு நிக்கும். கடைசி ஃபேன் நின்னதுக்கப்பறம், அதுவரைக்கும் கேக்காத ஒரு சத்தம் கேக்கும். கோழிங்க மூச்சு. பதினெட்டாயிரம் கோழி ஒண்ணா வாயைத் தொறந்து மூச்சு விடற சத்தம். மழை வர்ற மாதிரி இருக்குமுங்க.

எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்தவுடனே, "படுதாவை எறக்கு துளசி, ரெண்டு பக்கமும் எறக்கு, கோழியை உக்கார விடாதே"ன்னாரு. வேற ஒண்ணுமே கேக்கலை. வண்டிச் சத்தம் கேட்டுச்சு, கெளம்பிட்டாருன்னு தெரிஞ்சுது. அங்கிருந்து வர முப்பத்தஞ்சு நிமிசம் ஆகும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சோம்ராவை ஜெனரேட்டர்கிட்ட ஓடச் சொன்னேன். சாக்கை நனைச்சு அது மேல போடு, குளுந்தா மறுபடியும் எடுக்கும்னு கையைக் காட்டிச் சொன்னேன். அவன் ஓடிட்டான். அடுத்து, கோழியை உக்கார விடக்கூடாதுங்க. உக்காந்தா அடியில சூடு கட்டும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துப்போகும். யாராவது உள்ள நடந்துக்கிட்டே இருக்கோணும், நடக்க நடக்க அதுங்க எந்திரிக்கும். படுதாக் கைப்பிடி வெளியில இருக்குது. அதைச் சுத்தறதுக்குப் பழக்கம் வேணும், விட்டா மடேர்னு கீழ வந்து கயிறு அந்து போகும். ஃபூல்மணிக்கு அது தெரியாது. அதனால நான் வெளிய, அவ உள்ள. அதுதான் சரி. யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பாங்க. எங்கூட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு, நீ பண்ணுனது சரின்னு.

"நட"ன்னேன். "நிக்காதே, நடந்துட்டே இரு, சலோ சலோ"ன்னேன். அவ தலையை ஆட்டிட்டு முக்காட்டை இழுத்துக் கட்டிக்கிட்டு உள்ள போனா.

கைப்பிடி மொத்தம் நாலுங்க. கெழக்குப் பக்கம் ரெண்டு, மேக்குப் பக்கம் ரெண்டு. ஒண்ணொண்ணும் நூறு சுத்துக்கு மேல. மொதல் கைப்பிடி. ரெண்டாவது. அப்பறம் ஷெட்டைச் சுத்தி ஓடி மேக்கால போயி மூணாவது, நாலாவது. நாலும் எறக்கி முடிச்சுப் பாக்கறேன், அவ நடு ஷெட்டுல விழுந்து கெடக்கறா. கோழிங்க அவ மேலயும் சுத்தியும் நிக்குது. ஓடிப் போயித் தொட்டேன். தோசைக்கல்லுங்க. ஒரு சொட்டு வேர்வையில்லை. வறவறன்னு காஞ்சு கெடந்துச்சு ஒடம்பு. கால் ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்குது. நான் அவளை அக்குள்ல கையைக் குடுத்து இழுத்துக்கிட்டே அந்த அட்டைக்குத் தண்ணி போற தொட்டிக்குக் கொண்டுபோயி, சேலையோட தண்ணிக்குள்ள உக்கார வெச்சுட்டேன். சோம்ரான்னு கத்துனேன். அவன் வந்து பாத்துட்டு ஒரு சத்தம் போட்டான் பாருங்க.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டது நான்தான். ஜெனரேட்டர் அப்பறம் எடுத்துச்சு. ஆம்புலன்ஸ் வந்தப்பவே எங்கூட்டுக்காரரும் வந்துட்டாரு.

மூவாயிரத்துச் சொச்சம் செத்துச்சுங்க. பாக்கியெல்லாம் நின்னுச்சு. அப்பறம் நடந்த கம்பெனிக் கூட்டத்துல என்னை மேடைக்குக் கூப்புட்டு சால்வை போத்துனாங்க. தனியாளா நின்னு ஒரு பொம்பளை பதினஞ்சாயிரம் கோழியைக் காப்பாத்துனாங்கன்னு மைக்குல சொன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. போட்டோ உள்ள மாட்டியிருக்குது, போகும்போது பாருங்க.

ஃபூல்மணி பதினாறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. உசுரு தப்பிச்சுட்டா. கிட்னி கெட்டுப் பொறகு கொஞ்சம் தேறுச்சுன்னாங்க. ஆனா பேச்சு இழுக்குதுங்க. டம்ளரைப் பிடிச்சாக் கை நடுங்கி முந்தானையெல்லாம் ஊத்திக்குவா. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா. மூளையில சூடு ஏறுனா அப்படித்தானாம், சில பேருக்குச் சரியாகும், சில பேருக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எத்தனை நேரம் அந்தச் சூட்டுல கெடந்தான்னு கேட்டாங்க. ஒரு நிமிசம் முந்தினாலும் வித்தியாசம் இருக்குமாம். நான் தெரியலைங்கன்னு சொன்னேன். விழுந்ததை நான் பாக்கலைன்னு சொன்னேன்.

திருப்பூர் ஸ்டேசன்ல நாங்களேதான் ரயில் ஏத்தி விட்டோம். செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சோமுங்க, அதுல கொறை வெக்கலை. ரயில் கெளம்பறதுக்கு முன்னால சோம்ரா கீழ எறங்கி வந்து, அத்தனை சனத்துக்கு நடுவுல என் காலைத் தொட்டான். "தீதி, உங்களாலதான் இவ உசுரோட இருக்கறா"ன்னு சொன்னான். ஆஸ்பத்திரியில அலைஞ்சு அலைஞ்சு அவனுக்கு அதுக்குள்ள கொஞ்சம் தமிழ் வந்திருச்சு. நான் ஜன்னலைப் பாத்தேன். அவ உள்ள உக்காந்து என்னையவே பாத்துட்டிருந்தா. சிரிக்கவும் இல்லை, அழுகவும் இல்லை. பாத்துட்டே இருந்தா.

அம்மிணி, நீங்க இந்த ஊரு இல்லை. எங்க சொந்தம், ஒறம்பரையும் இல்லை. அதனால சொல்றேன்.

நாலு கைப்பிடியும் எறக்கிட்டுத்தான் அவளைப் பாத்தேன்னு சொன்னேனில்லையா. அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். எங்கூட்டுக்காரருக்கும் அப்படித்தான். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்துச்சோன்னு தோணும். அது அப்படியில்லீங்க. கெழக்குப் பக்கம் ரெண்டாவது கைப்பிடியைச் சுத்தி முடிச்சு படுதா கீழ எறங்குனவுடனே, வலை வழியா உள்ள எல்லாமே தெரிஞ்சுது. அவ நடந்து வந்துட்டிருந்தா. ஒரு பக்கமாத் தள்ளாடுனா. கையை நீட்டித் தீவனக் குழாயைப் பிடிக்கப் பாத்தா, எட்டலை. விழுந்தா. நான் பாத்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவுல இருபது அடி. வாசல் பத்தடியில.

நான் மேக்கால ஓடுனேன்.

யோசிச்சு ஓடலீங்க. இன்னும் பாதி ஷெட்டு மூடிக் கெடக்குதேங்கறது மட்டுந்தான் தலைக்குள்ள இருந்துச்சு. மூணாவது கைப்பிடியைச் சுத்தும்போது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே சுத்துனேன், நடுவுல எண்ணிக்கை தப்பலை. அதுதான் எனக்கு இப்ப பயமா இருக்குது. நாலாவதும் முடிச்சுட்டு உள்ள போனப்ப அவ கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. விழுந்தப்பவும் தொறந்திருந்துச்சான்னு தெரியலை. நான் ஓடுனதைப் பாத்தாளான்னு தெரியலை. நாலு நிமிசம் இருக்கும். இல்லை, அஞ்சு. எத்தனை நேரங் கெடந்தான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்களே, எனக்குச் சரியா இருநூத்திப் பதினாலு சுத்துன்னு தெரியும்.

எங்கூட்டுக்காரரு ரெண்டாவது ஷெட் போடோணுங்கறாரு. கம்பெனிக்காரங்களும் போடுங்கங்கறாங்க. வெயில் கொறையப்போறதில்லை, வருசா வருசம் ஏறத்தான் போகுது, மூடுன ஷெட் இல்லாதவன் இனிமே இதுல இருக்க முடியாதுங்கறாங்க. நெசந்தானுங்க. நானும் சரின்னுட்டேன். வேற என்ன பண்றது? மறுபடியும் தக்காளி வெக்கவா? புது ஜெனரேட்டர் வாங்கியாச்சு, அதுக்கு ரூம் பெருசாக் கட்டி ஃபேன் வெச்சாச்சு. அதைத்தான் அங்க காட்டிட்டிருக்காரு.

இப்ப ஒரிசாவுல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்குது. அந்தப் பொண்ணு பேரு இன்னும் எனக்கு வாய்ல வரலை. அந்த ரூம்லதான் இருக்காங்க. எங்கூட்டுக்காரர் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஒத்திகை வெக்கறாரு. சொல்லாமக் கொள்ளாம மெயினையும் ஜெனரேட்டரையும் அணைச்சுருவாரு. ஒரே நிமிசந்தான், கையில வாட்சைப் பிடிச்சுட்டு நிப்பாரு, யாரு எங்க ஓடறாங்கன்னு பாக்கறதுக்கு.

போன வாரம் அணைச்சாரு. நான் கெழக்கால நின்னுட்டிருந்தேன். அந்தப் பொண்ணு உள்ள நடு ஷெட்டுல தண்ணிக் குழாயைத் தொடச்சிட்டிருந்தா. சத்தம் நின்னவுடனே அவ அப்படியே தெகைச்சுப்போயி நின்னு, என்னையத்தான் திரும்பிப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். இந்தத் தடவை மொதல்ல அவளை வெளிய கூப்புடோணும்னு ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வெச்சிருந்தேன். வெளிய வான்னு ஒரு வார்த்தை. வாய்கூடத் தொறந்தேன்.

எங்கூட்டுக்காரர் வாட்சைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. "பன்னண்டே செகண்டு, துளசி, நீதான் மொதல்"ன்னாரு. அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். என் ரெண்டு கையும் கைப்பிடி மேல இருந்துச்சுங்க.